முடத்தெங்கின் பயன்: நன்னூற் பொதுப்பாயிரத்தில் பிறர்க்கு அறிவு பயக்கும் பண்புகள்

முன்னுரை

அறிவைத் தேடுவோனுக்கு வேண்டிய பண்புகள் எவை என்னும் வினா மெய்யியலார் அனைவரும் எழுப்பிய வினாவாகும். ஐயம் நீங்கும் வரை ஆராய்தல், சான்றுகளை நடுநின்று எடைபோடுதல், மாற்றுக் கருத்துக்குச் செவிகொடுத்தல், தன் அறியாமையை உணர்தல் முதலியன அவ்வகையில் எண்ணப்படுவன. இவை யாவும் ஒருவன் தான் அறிவு பெறுவதற்குத் துணையாவன. தான் பெற்ற அறிவைப் பிறரும் பெறுமாறு செய்வதற்குத் துணையாகும் பண்புகள் வேறு சில உள. முன்னவற்றைத் தன்னறிவுப் பண்புகள் என்றும், பின்னவற்றைப் பிறரறிவுப் பண்புகள் என்றும் இக்கட்டுரை குறிக்கிறது.

மேலை அறிவாராய்ச்சியியலில் அறிவுசார் பண்புகளை மையமாகக் கொண்ட ஆய்வு, எர்னஸ்டு சோசா 1980இல் எழுதிய கட்டுரையை அடுத்து வளர்ந்தது. லிண்டா சக்செப்ஸ்கி 1996இல் வெளியிட்ட நூல் அதற்கு விரிந்த அடித்தளம் அமைத்தது. எனினும் அவ்வாய்வுகள் பெரும்பாலும் அறிபவனையே நோக்கின. ஜேசன் கவால் 2002இல் ‘ரேஷியோ’ இதழில் எழுதிய கட்டுரையிலேயே, பிறர் அறிவு பெறத் துணைசெய்யும் பண்புகளும் அறிவுசார் பண்புகளாகவே கொள்ளத்தக்கன என்னும் கருத்து தெளிவாக முன்வைக்கப்பட்டது.

தமிழில் இவ்வாய்வுக்கு நேர்நிற்கும் பகுதி நன்னூலின் பொதுப்பாயிரமாகும். ஆசிரியர் மாணாக்கர் இலக்கணம் கூறும் பகுதியாக மட்டுமே அது பெரிதும் பயிலப்பட்டு வருகிறது. அறிவை ஈதல் பற்றிய ஒரு கொள்கை அதனுள் அமைந்துள்ளது என்பதையும், அக்கொள்கை தனக்குத் தானே வகுத்துக்கொண்ட எல்லை யாது என்பதையும், அவ்வெல்லையைப் பிற்காலத் தமிழ்ப் பதிப்புப்பணியும் கல்வெட்டுப்பணியும் எவ்வாறு கடந்தன என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாயிரமும் ஈதற் கொள்கையும்

மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) காலத்துக் குறுநில மன்னனாகிய சீயகங்கன் வேண்ட, சமண முனிவராகிய பவணந்தியார் நன்னூலை இயற்றினார். சீயகங்கன் குவளாலபுரம் எனப்பட்ட கோலாரைத் தன் குலத்தின் ஊராகக் கூறிக்கொண்ட கங்கர் மரபினன். தமிழ்நாடெங்கும் பயிலப்பட்ட இலக்கண நூல் ஒன்று, இன்றைய கருநாடகத்து ஊரொன்றைத் தன் குலப்பெருமையாகக் கொண்ட ஒருவனது வேண்டுகோளால் பிறந்தது என்பது பின்னர் வரும் செய்திகளோடு இணைத்து நினைக்கத்தக்கது.

பொதுப்பாயிரம் நூல், நுவல்வோன், நுவலும் திறன், கொள்வோன், கோடற்கூறு என ஐந்தாகப் பொருளை வகுத்துக்கொள்கிறது. தொல்காப்பிய உரையாசிரியர்கள் காட்டும் பாயிர மரபில் இது ஈவோன், ஈதல், கொள்வோன், கோடல் என நான்காக அமைகிறது. பொதுப்பாயிரத்துக் கருத்துகள் பல பவணந்தியார்க்கு முற்பட்ட மரபின் வழி வந்தவை என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படும். ஈவோன், ஈதல் என்னும் சொல்லாட்சி ஊன்றி நோக்கத்தக்கது. ‘ஈ’ என்னும் சொல் இழிந்தோன் கூற்று எனத் தொல்காப்பியம் குறிக்கும். அஃது இல்லாதவன் உள்ளவனை நோக்கிக் கூறும் சொல்லாகும். கற்பித்தலை அச்சொல்லால் குறித்தமையால், அறிவு ஒருவனிடம் தங்கிக் கிடக்கும் உடைமையாக அன்றி, இல்லாதவனை நோக்கிச் செல்ல வேண்டிய பொருளாகக் கருதப்பட்டது எனலாம்.

நல்லாசிரியர்க்குரிய நால்வகை உவமை

நல்லாசிரியன் இலக்கணம் கூறும் பகுதி (நன்னூல் 26–30) குலம், அருள், தெய்வப்பற்று, பல கலை பயின்ற தெளிவு, கட்டுரை வன்மை, உலகியல் அறிவு முதலியவற்றை எண்ணி, நிலம், மலை, நிறைகோல், மலர் என நான்கு உவமைகளைத் தந்து விளக்குகிறது. இவற்றுள் கலை பயின்ற தெளிவு ஒன்றே முழுமையாகத் தன்னறிவுப் பண்பு. கட்டுரை வன்மை, அதாவது பொருளைக் கோவைபட எடுத்துரைக்கும் ஆற்றல், கேட்போன் ஒருவன் இன்றிப் பொருளற்றதாகும்.

உவமைகளின் விரிவிலும் இப்போக்கையே காணலாம். நிலத்தின் பரப்பும் திண்மையும் பொறையும் கூறிய பின், உழுவோன் பருவமறிந்து செய்த முயற்சியின் அளவுக்கு ஏற்பப் பயன்தருதல் கூறப்படுகிறது. மலையின் அளவிட இயலாமையும் அசையாமையும் கூறிய பின், மழை பொய்த்த காலத்தும் வளம் தருதல் கூறப்படுகிறது. நிறைகோல் பொருளின் அளவைத் தான் அறிந்து அடங்குவதில்லை; வாங்குவோன், விற்போன் ஆகிய இருவர் ஐயத்தையும் ஒருங்கே தீர்க்கிறது. மலர் அனைவரும் விரும்பி ஏற்குமாறு மென்மையும் முகமலர்ச்சியும் உடையதாகிறது. ஒவ்வோர் உவமையும் இருப்பில் தொடங்கிப் பயனில் முடிகிறது. அறிஞனின் பெருமை அவனது இருப்பால் அன்றி, அவனால் பிறர் அடைந்த பயனால் அளக்கப்படும் என்பதே இவ்வமைப்பு உணர்த்தும் பொருள்.

நுவலும் திறன் கூறும் நூற்பா (36) இதனை மேலும் நுட்பமாக்குகிறது. காலமும் இடமும் நோக்குதல், சொல்லப்புகும் பொருளை முன்னரே உள்ளத்துள் அமைத்துக்கொள்ளுதல், விரையாமை, வெகுளாமை, முகமலர்ச்சி, கொள்வோனது ஆற்றலை அறிதல், அவன் உள்ளத்தில் பதியுமாறு கூறுதல், மனத்திற் கோட்டமின்மை என்பன அதில் இடம்பெறுகின்றன. இவற்றுள் ஒன்றேனும் தான் அறிவு பெறுதற்கு இன்றியமையாதது அன்று. விரைந்து சிந்திப்பவன் பேரறிஞனாகலாம். விரைந்து சொல்பவன் நல்லாசிரியனாதல் அரிது. பிறரறிவுப் பண்புகளைத் தனியே பிரித்தெடுத்து வரிசைப்படுத்திய பட்டியல் என இந்நூற்பாவைக் கொள்வது பொருந்தும்.

நிறைந்தும் பயன்படாமை

ஆசிரியர் ஆகாதார் இலக்கணத்தில் (31–35) எடுத்துரைக்கும் குணமின்மை, இழிகுணம், அழுக்காறு, அவா, வஞ்சம், கேட்போன் அஞ்சுமாறு பேசுதல் ஆகிய குற்றங்களும் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு ஆகிய உவமைகளும் இடம்பெறுகின்றன. அறியாமை இப்பட்டியலில் இல்லை என்பது கருதத்தக்கது.

நான்கு உவமைகளையும் ஒருங்கு வைத்து நோக்கின், உரைகளில் விதந்து பேசப்படாத ஒற்றுமை ஒன்று புலனாகிறது. கழற்சிக்காய் பெய்த குடம் நிறைகுடம். இட்ட முறையில் வாராது முன்பின்னாகக் கொட்டுவதே அதன் குற்றம். மட்டையோடு நிற்கும் பனை காய்த்த மரம். அணுகி ஏறிப் பறிக்கவிடாது, தானே உதிர்த்தபோது மட்டும் கொள்ளவிடுவதே அதன் குற்றம். பஞ்சு அடைத்த குண்டிகையும் நிறைந்ததே. அரிதின் முயன்று அடைக்கப்பட்டது போலவே அரிதின் முயன்றே எடுக்கவும் வேண்டியிருப்பது அதன் குற்றம். வளைந்த தென்னையும் காய்த்த மரமே. நீர்விட்டு வளர்த்தவனை விடுத்து அயலான் நிலத்தில் காயை வீழ்த்துவது அதன் குற்றம். நான்கனுள் ஒன்றும் வெறுங்கலமோ காயாமரமோ அன்று. ஆசிரியர் ஆகாதார் எனப்பட்டோர் கல்லாதார் அல்லர். கற்றும் பிறர்க்கு அறிவு பயவாதோர். தன்னறிவுப் பண்புகள் நிரம்பியிருந்தும் பிறரறிவுப் பண்புகள் இல்லாதொழிதல் இயலும் என்பதனை இந்நான்கு உவமைகளும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவுகின்றன.

கற்றதைப் பிறர் உணருமாறு விரித்துரைக்க மாட்டாதாரைக் கொத்தாக மலர்ந்தும் மணம் வீசாத பூவுக்கு ஒப்பிடும் திருக்குறள் கருத்தும் (650) இவ்வகையினதே. அங்கும் மலர் மலர்ந்தே உள்ளது. மலராமை குற்றமாகக் கூறப்படவில்லை. தாம் இன்புறும் கல்வியால் உலகமும் இன்புறுதல் கண்டு கற்றோர் அக்கல்வியை மேலும் விரும்புவர் என்னும் குறட்கருத்து (399) இதன் மறுதலையாகும். கல்வியின் இன்பம் பிறர்பால் சென்று மீளும்போதே பெருகுகிறது என்பது இவ்விரண்டையும் இணைத்து நோக்கப் பெறப்படும் உண்மை.

காலும் காலும் அரையும்

மாணாக்கன் புலமை நிரம்பும் வகையைப் பொதுப்பாயிரம் கணக்கிட்டுக் கூறுகிறது (44, 45). ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் ஒருவன் அடைவது கால்பங்கே. தன்னோடு பயில்வாரோடு பழகிப் பயில்வதால் மற்றொரு கால்பங்கு கிட்டுகிறது. எஞ்சிய அரைப்பங்கு தான் பிறர்க்குச் செம்மையாக எடுத்துரைப்பதால் நிரம்புகிறது. இதனைக் கற்றோர்க்குரிய அறிவுரையாக மட்டும் கொண்டால் அதன் மெய்யியற் பொருள் மறைந்துவிடும்.

தன்னறிவுப் பண்பு, பிறரறிவுப் பண்பு என்னும் பாகுபாடு இரண்டும் வெவ்வேறு பயன் உடையன என்னும் கருத்தின்மேல் நிற்பது. நன்னூலார் கணக்கின்படி, ஈதல் ஈவோனது அறிவையும் நிரப்புகிறது. எடுத்துரைக்கும்போதே தான் கொண்டதன் இடைவெளிகள் புலப்படுகின்றன. கேட்போன் வினவும்போதே தான் தெளிந்ததாகக் கருதியது தெளியாதது என விளங்குகிறது. ஆகவே பிறரறிவுப் பண்பு இல்லாதவன் பிறர்க்கு மட்டும் குறை செய்பவன் அல்லன். தானும் அரைப்புலமையோடு நின்றுவிடுபவன். பருத்திக்குண்டிகை நிறைந்திருப்பதாகத் தோன்றுவது புறத்தோற்றமே. நன்னூலார் அளவையால் அது பாதியே நிறைந்த கலம். இரு வகைப் பண்புகளும் இலக்கணத்தால் வேறுபட்டும் வளர்ச்சியால் ஒன்றையொன்று சார்ந்தும் இருப்பன என்னும் இக்கருத்து தமிழ் மரபின் தனிச்சிறப்பான பங்களிப்பாகக் கொள்ளத்தக்கது.

யார்க்கு ஈவது?

ஈதற் கொள்கையை இத்துணை நுட்பமாக வகுத்த பொதுப்பாயிரம், யார்க்கு ஈவது என்னும் வினாவுக்கு விடை கூறும்போது சுருங்கிவிடுகிறது. தன் மகன், தன் ஆசிரியர் மகன், அரசன் மகன், மிகுபொருள் கொடுப்போன், வழிபடுவோன், விரைந்து உணர்வோன் ஆகியோர்க்கு நூல் உரைக்கலாம் என்பது அதன் விடை (37). அறுவருள் மூவர் பிறப்பாலும், ஒருவன் செல்வத்தாலும், ஒருவன் பணிவாலும் தகுதி பெறுகின்றனர். அறிவாற்றலால் தகுதி பெறுபவன் ஒருவனே. அவனும் இறுதியில் வைக்கப்படுகிறான். நூல் உரைத்தற்கு ஆகாதார் வரிசையில் (39) கள்வனும் வஞ்சகனும் போன்ற ஒழுக்கக் குறையுடையோரோடு பிணியுற்றோனும் அறிவு மந்தமானோனும் ஒருங்கு எண்ணப்படுகின்றனர். ஆசிரியர்க்குரிய பண்புகளில் குலமே முதற்கண் நிற்பதையும் இவற்றோடு சேர்த்து நோக்கவேண்டும். பொதுப்பாயிரத்தின் ஈதற் கொள்கை எத்துணைச் சிறப்புடையதாயினும், அதன் பயனைப் பெறுவோர் வட்டம் மிகக் குறுகியது என்பதை மறைத்தல் ஆய்வுநேர்மை ஆகாது.

முடத்தெங்கு உவமை இக்குறுகிய வட்டத்தைக் காக்கும் வேலியாக அமைந்துள்ளது. பல்வகை உதவி செய்து வழிபட்டவனை விடுத்துப் பிறர்க்கு அளிப்பவன் முடத்தெங்கு எனப்படுகிறான். நீர் ஊற்றியவனுக்கே காய் உரியது என்னும் கைம்மாற்று நியதி இதன் அடிப்படை. ஏனைய மூன்று உவமைகளும் ஈயாமையையும் முறையின்றி ஈதலையும் இகழ்கின்றன. இந்நான்காவது உவமையோ ஈதலின் திசையை இகழ்கிறது. ஓர் ஆசிரியரின் குற்றமாக, பிறர்க்கு அறிவு பயந்தமையே இங்குக் கூறப்படுவது பொதுப்பாயிரத்தின் பொதுப்போக்குக்கு மாறானது.

சமண அறத்தோடு ஒப்பிடும்போது இம்முரண் மேலும் தெளிவாகும். உணவு, மருந்து, அடைக்கலம், நூல் என்னும் நான்கனையும் தானமாக வழங்குதல் சமணர்க்குரிய அறமாகும். இவற்றுள் நூற்கொடை சாத்திரதானம் எனப்படும். கைம்மாறு கருதிக் கொடுப்பது தானம் ஆகாது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கருநாடகத்தில் வாழ்ந்த சமணப் பெருமாட்டி அத்திமப்பை, கன்னடக் கவிஞர் பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்துக்கு ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார் என்பது போற்றப்படும் வரலாறு. அப்படிகளைப் பெற்றோர் யாவரும் அவருக்கு நீர் ஊற்றியவர் அல்லர். சமண முனிவராகிய பவணந்தியார் தாம் ஏற்ற ஆசிரிய மாணாக்க மரபின் நியதியையும், தம் சமயம் போற்றிய நூற்கொடை அறத்தையும் இணைத்துக் காட்ட முற்படவில்லை. பாயிரம் பழைய மரபின் தொகுப்பாதலே இதற்குக் காரணமாகலாம்.

இவ்விடத்து ஒரு தடை எழும். முடத்தெங்கின் குற்றம் அயலானுக்குக் கொடுத்தமை அன்று. வளர்த்தவனுக்குக் கொடாமையே என்று கூறலாம். இத்தடை ஏற்கத்தக்கதே. தன்னை அடைந்த மாணாக்கனைக் கைவிட்டுப் புகழ் வேண்டிப் புறத்தே பேசித் திரியும் ஆசிரியர் எக்காலத்தும் இகழத்தக்கவரே. எனினும் உவமை இவ்விரண்டையும் பிரிக்காது ஒன்றாகவே வைத்துள்ளது. அவ்வாறு வைத்தற்குக் காலச்சூழல் காரணமாகும். ஏட்டுச்சுவடியும் வாய்மொழிப் பாடமுமே கல்வியாக இருந்த காலத்தில், ஒருவனுக்குச் செலவிட்ட பொழுது மற்றொருவனுக்கு இல்லாமற்போனது. ஒரு காய் ஒருவன் கையில்தான் விழமுடியும். இந்நிலை மாறியபோது உவமையின் பொருளும் மாறவேண்டியதாயிற்று.

அச்சுக்காலமும் அறியா வாசகரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பதிப்புப்பணி அம்மாற்றத்தைக் கொணர்ந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) கலித்தொகையை 1887இல் பதிப்பித்தார். தம் பதிப்புரைகளில் ஏடுகள் அழிந்துவருவதைக் கூறித் தமிழுலகை அவர் தட்டி எழுப்பினார். அவர் மிகுதியும் சாடியது ஏடுகளைப் பிறர்க்குக் காட்டாது பூட்டிவைத்தும் மண்ணாகவிட்டும் வந்த நிலையையே. அதனை மடற்பனையின் குற்றம் என நன்னூல் வழியில் கூறலாம்.

உ. வே. சாமிநாதையர் (1855–1942) பதிப்புகள் பிறரறிவுப் பண்புகள் நூல்வடிவம் பெற்றமைக்குச் சிறந்த சான்றாவன. சிந்தாமணியை 1887இல் வெளியிடுமுன், அதன் சமயப்பொருளைக் குடந்தையில் வாழ்ந்த சமணர்களிடம் கேட்டறிந்தார். பட்டம் பெற்ற புலவரிடம் மட்டுமே நூற்பொருள் கேட்கவேண்டும் என்னும் எண்ணம் அவர்க்கு இல்லை. தம் மரபாகச் சிந்தாமணியைப் போற்றிப் பயின்றோரது சொல்லுக்கு உரிய மதிப்பை அளித்தார். ஒருவர் சொல்லுக்கு அவரது சமூகநிலை நோக்கி மதிப்பைக் குறைத்தல் அறிவுசார் அநீதி என மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் வெளியிட்ட நூலில் கூறுவதற்கு எதிர்நிலையான பண்பை இங்குக் காண்கிறோம்.

அவர் பதிப்புகளில் அமைந்த பாடவேறுபாடுகள், அரும்பத அகராதி, கதைச்சுருக்கம், மேற்கோள் விளக்கம் முதலியன தமக்காகச் செய்துகொண்டவை அல்ல. தாம் பொருளுணர்ந்த பின் பதிப்பாசிரியர்க்கு அரும்பத அகராதியால் ஆவது சிறிதே. மணிமேகலைப் பதிப்போடு (1898) புத்தர் வரலாறும் பௌத்த தருமமும் சங்கமும் பற்றிய உரைநடைப் பகுதிகளை எழுதிச் சேர்த்தமை, பௌத்தம் அறியாத வாசகன் எங்கு இடறுவான் என முன்னுணர்ந்து செய்த உதவியாகும். கொள்வோன் கொள்ளும் வகையறிதல் என நன்னூல் கூறியது, கொள்வோன் எதிரே இல்லாத நிலையிலும் இங்குக் கைக்கொள்ளப்பட்டது.

பாடவேறுபாடு காட்டுதல் தனித்துச் சுட்டத்தக்கது. தாம் ஏற்ற பாடம் இது, ஏலாத பாடம் இது எனப் பதிப்பாசிரியர் வெளிப்படக் காட்டும்போது, தம் முடிவை மறுப்பதற்கு வேண்டிய கருவியைத் தாமே வாசகன் கையில் கொடுக்கிறார். இது நிறைகோல் உவமையின் மெய்ந்நடுநிலை. அறிவின் பொருட்டுத் தன் புகழை இடருக்கு உள்ளாக்கும் துணிவும் இதனுள் அடங்கும்.

இப்பதிப்புகளைப் பயன்கொண்டோருள் மிகப்பலர் பதிப்பாசிரியரை அறியாதவர், அவர்க்கு யாதும் உதவாதவர், வழிபடாதவர். பழைய நியதிப்படி நோக்கின் சாமிநாதையர் முடத்தெங்கே ஆவார். ஆயினும் அவர்தம் மாணாக்கர்க்குப் பாடஞ்சொல்லுதலையும் விட்டாரல்லர். வளர்த்தவனுக்குக் கொடாமை என்னும் குற்றம் நீங்கி, அயலானுக்கும் கொடுத்தல் என்னும் பண்பு மட்டும் எஞ்சியது.

பேகூரும் பொம்மனஹள்ளியும்

முடத்தெங்கின் பயனை மொழியெல்லை கடந்த ஓரிடத்தில் வைத்துச் சோதித்தல் தகும். பெங்களூரின் தென்கிழக்கில் ஓசூர் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது பொம்மனஹள்ளி. 2007இல் பெங்களூருப் பெருநகர மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை அது தனி நகராட்சியாக இருந்தது. அதனை அடுத்துள்ள பேகூர் கங்கர் ஆட்சிக்காலத்துப் பழைய ஊர். அங்குள்ள நாகநாதேசுவரர் கோயிலின் கல்வெட்டொன்று ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியளவில் ‘பெங்களூரு’ என்னும் பெயரைக் குறிப்பது, கன்னடத்தில் அமைந்தது. மற்றொரு புறத்தில் உள்ள மடிவாளத்துச் சோமேசுவரர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. சோழர், போசளர் ஆட்சிக்காலங்களில் இவ்வட்டாரத்தில் தமிழ்க் கல்வெட்டுகள் பல பொறிக்கப்பட்டன. சீயகங்கன் பெருமை கொண்ட கங்கர் குலத்தின் நிலம் இருமொழிகளையும் கல்லில் தாங்கிய நிலமாகும்.

பெங்களூரு மாவட்டக் கல்வெட்டுகளைத் தொகுத்து, ‘எபிகிராபியா கர்னாட்டிகா’ வரிசையின் ஒன்பதாம் தொகுதியாக 1905இல் வெளியிட்டவர் பி. எல். ரைசு. 1837இல் பெங்களூரில் பிறந்த ஆங்கிலேயர் அவர். மைசூர் அரசின் பணியில் இருந்தவர். மைசூர் அரசின் பொருளால் வெளியிடப்பட்ட அத்தொகுதியில் கன்னடக் கல்வெட்டுகளோடு தமிழ்க் கல்வெட்டுகளும் இடம்பெற்றன. அவற்றின் பயனைச் சோழர் வரலாறும் தமிழ்க் கல்வெட்டு மொழியும் ஆராய்ந்த தமிழறிஞர்கள் பெற்றனர். நீர் ஊற்றியது ஓரிடம். காய் விழுந்தது மற்றோரிடம். இதனைக் குற்றம் என்பார் இன்று எவருமிலர்.

கல்வெட்டுப் பதிப்பு நெறியே பிறரறிவுப் பண்புகளைத் தன் இலக்கணமாகக் கொண்டது. சிதைந்த எழுத்தை ஊகித்து நிரப்பும்போது அடைப்புக்குறியுள் இட்டுக் காட்டுதல், படிக்கவியலாத இடத்தைப் புள்ளியிட்டு விடுதல், கல் இருக்குமிடத்தைத் துல்லியமாகக் குறித்தல் ஆகியன அந்நெறியின் கூறுகள். தான் கண்டது எது, கருதியது எது எனப் பிரித்துக் காட்டுவதால், பின் வருவோன் முன்னோன் ஊகத்தை உண்மையென மயங்காது காக்கப்படுகிறான். சிதைந்த எழுத்தைத் தன் புலமையால் நிரப்பிவிட்டு அதனைக் குறிக்காது விடுபவன் ஒருவேளை சரியாகவே படித்திருக்கலாம். அவன் தன்னறிவில் குறையுடையவன் அல்லன். ஆயினும் பிறர் அறிவுக்குத் தீங்கு செய்பவன். இருவகைப் பண்புகளின் வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

1909இல் தொடங்கப்பெற்ற பெங்களூரு மிதிக் சொசைட்டி, 2021 முதல் இந்நகரையும் சுற்றுப்புறத்தையும் சார்ந்த கல்வெட்டுகளை முப்பரிமாண மின்பதிவுகளாக்கும் பணியை மேற்கொண்டது. நகரின் விரைந்த வளர்ச்சியால் கற்கள் இடம்பெயர்வதும் அழிவதும் நிகழும் சூழலில் எழுந்த இப்பணியில் கன்னடக் கற்களோடு தமிழ்க் கற்களும் பதிவுபெற்று, இணையவழியாக அனைவர்க்கும் கிட்டுகின்றன. தம் மொழியல்லாத கல்லின் எழுத்தும் அழியாது பிறர் படிக்கக் கிடைக்கவேண்டும் என்னும் எண்ணம், மனத்திற் கோட்டமின்மை என நன்னூல் கூறிய பண்பின் நேரிய விளக்கமாகும். கோட்டம் என்னும் சொல் வளைவையும் குறிக்கும். வளைந்த தெங்கை இகழ்ந்த அதே பாயிரம் வளையாத மனத்தை வேண்டுகிறது. தன்னவன், அயலவன் என ஒருபால் சாயாமையே வளையா மனம் எனின், அயலவன் நிலத்திலும் பயன் விழச்செய்யும் தெங்கு புறத்தே வளைந்தும் அகத்தே நேரியதாகும்.

இன்று பொம்மனஹள்ளியில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் நெருங்கியுள்ளன. தமிழ் பேசும் குடும்பங்கள் பல அங்கு வாழ்கின்றன. தமிழைப் பேச்சளவில் அறிந்து எழுத்தளவில் அறியாது வளரும் இளையோர் அவற்றில் உள்ளனர். மடிவாளத்துக் கல்லின் மொழி தம் வீட்டு மொழியே என்பதை அவர்க்கு எடுத்துரைப்போர் அரியர். நன்னூல் 37ஆம் நூற்பாவின் அறுவர் வரிசையில் அவ்விளையோர்க்கு இடமில்லை. அவர்கள் ஆசிரியர் மகனும் அல்லர். மிகுபொருள் கொடுப்போரும் அல்லர். அவர்கள் விரைந்து உணர்வோரா என்பது எவரேனும் உரைத்த பின்னரே தெரியவரும். உரைக்கும் முன் தகுதி காணும் நியதியின் குறைபாடு இவ்விடத்தே முழுமையாக வெளிப்படுகிறது.

இன்றைய ஆய்வுலகும் நான்கு உவமைகளும்

நான்கு உவமைகளையும் இன்றைய தமிழாய்வின் மேல் வைத்து நோக்குதல் பயன்தரும். தரவுகளைத் திரட்டியும் முறைப்படுத்தாது, இயல் இயலாகக் கொட்டிவிடும் ஆய்வேடுகள் கழற்குடங்கள். ஒப்படைத்த பின் நூலகப் பேழையில் பூட்டப்பட்டு எவர் கையும் எட்டாத ஆய்வேடுகள் மடற்பனைகள். கலைச்சொற்களைச் செறித்து, பொருளைப் பிரித்தெடுக்க இயலாவண்ணம் எழுதப்பெறும் திறனாய்வுகள் பருத்திக்குண்டிகைகள். குன்றக்கூறல், மயங்கவைத்தல், மற்றொன்று விரித்தல் எனப் பொதுப்பாயிரம் எண்ணும் நூற்குற்றங்கள் பத்தும், சுருங்கச்சொல்லல், விளங்கவைத்தல் முதலிய அழகுகள் பத்தும் வாசகனை நோக்கியே வகுக்கப்பட்டன என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

பல்கலைக்கழக மானியக்குழு 2009இல் வகுத்த விதிமுறை, முனைவர்பட்ட ஆய்வேடுகளின் மின்படியை ஒப்படைக்கவேண்டும் என்றது. அவற்றைத் திரட்டி வழங்கும் ‘சோத்கங்கா’ என்னும் கருவூலத்தால் மடற்பனையின் குற்றம் பேரளவு நீங்கியது. எனினும் விதிமுறையால் நீங்கத்தக்க குற்றம் இஃது ஒன்றே. கழற்குடத்தையும் பருத்திக்குண்டிகையையும் இணையத்தில் ஏற்றுவதால் அவற்றின் இயல்பு மாறாது. கிட்டச்செய்தல் வேறு, உளங்கொளச் செய்தல் வேறு. முன்னதைக் கருவியும் சட்டமும் செய்யவல்லன. பின்னது ஆய்வாளனது பண்பால் மட்டுமே நிகழ்வது.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. அறிவுசார் பண்புகளுள் பிறர்க்கு அறிவு பயப்பன தனியொரு வகையின என்னும் கருத்து, மேலை ஆய்வுலகில் 2002இல் தெளிவுற முன்வைக்கப்பட்டது. நன்னூற் பொதுப்பாயிரம் அவ்வகைப் பண்புகளை நுவலும் திறன் என்னும் பகுதியில் முன்னரே வரிசைப்படுத்தியுள்ளது.

2. ஆசிரியர் ஆகாதார்க்குரிய உவமைகள் நான்கும் நிறைகலங்களும் காய்த்த மரங்களுமே. கற்றும் ஈயாமையே அங்குக் குற்றமாகக் கருதப்பட்டது.

3. புலமையின் அரைப்பங்கு பிறர்க்கு உரைப்பதால் நிரம்பும் என்னும் கணக்கு, இருவகைப் பண்புகளும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை நிறுவுகிறது.

4. பெறுவோரைப் பிறப்பு, பொருள், பணிவு ஆகியவற்றால் வரையறுத்தமை பொதுப்பாயிரத்தின் எல்லையாகும். முடத்தெங்கு உவமை அவ்வெல்லையின் அடையாளம்.

5. அச்சும் கல்வெட்டுப் பதிப்பும் மின்பதிவும் அவ்வுவமையின் ஒருபாதியைப் பொருளற்றதாக்கின. தன்னை அடைந்தோர்க்கு ஈயாமை இன்றும் குற்றமே. அறியாத அயலார்க்கும் ஈதல் இன்று ஆய்வாளனுக்குரிய தலையாய பண்பு.

பொதுப்பாயிரத்தைப் போற்றுதல் என்பது அதன் நூற்பாக்களை மனப்பாடம் செய்வதோடு முடிவதன்று. அதன் அளவுகோலை நம் எழுத்தின்மேல் வைத்துப் பார்த்தலும், அது விடுத்த வாசகரை நம் எழுத்தில் சேர்த்துக்கொள்ளுதலுமே அதற்குச் செய்யும் சிறப்பாகும். தமிழகத்து வகுப்பறையில் பயிலும் மாணவனோடு பொம்மனஹள்ளியில் தமிழெழுத்து அறியாது வளரும் இளைஞனையும் கொள்வோனாக வைத்து எழுதும்போது, நன்னூலார் கூறிய எஞ்சிய அரைப்பங்கும் தமிழாய்வுக்கு நிரம்பும்.